மீன் மட்டும் வந்து சேர்ந்த கடல்: ஒரு நச்சுப் பேத்தையின் நிகழ்வு ஆய்வு

2003-ஆம் ஆண்டு துருக்கியின் தென்மேற்குக் கரையில் உள்ள கோக்கோவா வளைகுடாவில் ஒரு மீன் பிடிபட்டது. பசுமை கலந்த பழுப்பு முதுகு, அதில் இறைந்து கிடக்கும் கரும்புள்ளிகள், கன்னத்தில் தொடங்கி வாலடி வரை ஓடும் வெள்ளிப் பட்டை, சுண்ணாம்பு நிற வயிறு, கிளியின் அலகைப் போல முன்துருத்திய நான்கு பற்கள். மத்தியதரைக் கடலில் அந்த இனம் பதிவானது அதுவே முதல் முறை. அறிவியல் பெயர் லேகோசெஃபலஸ் ஸ்கெலராட்டஸ். நம் கரையில் இந்தக் குடும்பத்து மீன்களைப் பொதுவாகப் பேத்தை என்பார்கள். இந்த இனத்தைத் தனியே சுட்ட வேண்டியிருப்பதால் வெள்ளிக்கன்னப் பேத்தை என்று அழைத்துக்கொள்கிறேன்.

அடுத்த பத்தே ஆண்டுகளில் அது கிரீட் தீவு, இஸ்ரேல், சைப்ரஸ், லெபனான், எகிப்து, துனிசியா என்று கரைகரையாகத் தொற்றிக்கொண்டு, 2013-ல் இத்தாலியின் லாம்பெடுசா தீவை எட்டியது. பின்னர் ஸ்பெயின் கரையிலும் தலைகாட்டியது. செங்கடலிலிருந்து மத்தியதரைக் கடலுக்குள் மீன்கள் நுழைவது புதிய செய்தி அல்ல. நூற்றைம்பது ஆண்டுகளாக நடப்பதுதான். ஆனால் வந்தவற்றில் பலவற்றைக் கரைவாசிகள் பிடித்துத் தின்னப் பழகிக்கொண்டார்கள். இந்த மீன் விஷயத்தில் அந்தப் பழக்கமே ஆபத்தாக முடிந்தது. மீன் வந்தது, அதைத் தொடக்கூடாது என்கிற கரையறிவு அதனுடன் நீந்தி வரவில்லை.

கரைவலை இழுக்கும் இடத்தில் நின்று பார்த்தவர்களுக்கு இதன் பொருள் உடனே விளங்கும். மடியைக் கொட்டியதும் சாளையும் காரலும் கூடைக்குப் போகும்; பந்தாக உப்பிக் கிடக்கும் பேத்தையை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஏன் என்று கேட்டால் நஞ்சு என்பார்கள், அவ்வளவுதான். யாரிடம் கற்றார்கள், எத்தனை சாவுகளுக்குப் பிறகு அந்த ஒற்றைச் சொல் நிலைத்தது என்பதற்கெல்லாம் ஏடு கிடையாது.

கப்பல் தலைவரின் இரவு உணவு

இந்த மீனின் பெயருக்குப் பின்னால் ஒரு விருந்து இருக்கிறது. 1774 செப்டம்பரில் கேப்டன் ஜேம்ஸ் குக்கின் 'ரெசல்யூஷன்' கப்பல் பசிபிக் பெருங்கடலில் நியூ கலிடோனியா தீவின் பலாட் துறையில் நங்கூரமிட்டிருந்தது. தீவுக்காரர் ஒருவர் குத்திப் பிடித்த மீனைக் கப்பலின் எழுத்தர் வாங்கி அனுப்பினார். நீண்ட, விகாரமான தலை கொண்ட மீன் என்று குக் குறித்து வைத்திருக்கிறார். நஞ்சு என்ற ஐயம் அவருக்கு எழவில்லை. இரவுச் சாப்பாட்டுக்குச் சமைக்கச் சொன்னார்.

அவரைக் காப்பாற்றியது அறிவியலின் மந்தகதி. உடன் வந்திருந்த இயற்கையியலாளர்களான ஃபார்ஸ்டர் தந்தையும் மகனும் மீனைப் பார்த்து வரைவதும் விவரிப்பதுமாக மாலை முழுவதும் போயிற்று. முழு மீனைச் சமைக்க நேரம் இல்லை. ஈரலையும் சினையையும் மட்டும் ஆக்கினார்கள். மூவரும் சற்றே ருசி பார்த்தார்கள். பேத்தையின் உடலில் நஞ்சு மிகுந்திருக்கும் இரண்டு உறுப்புகளையும் சரியாகத் தேர்ந்தெடுத்திருந்தார்கள் என்பதுதான் இதில் கொடுமை.

விடியற்காலை மூன்று, நான்கு மணிக்குக் கைகால்கள் துவண்டு மரத்துப்போயின. கடும் குளிரில் விறைத்த கையைத் தீயில் காட்டினால் உண்டாகும் உணர்வு என்று குக் அதை எழுதுகிறார். கனமானது எது, லேசானது எது என்று அவரால் பிரித்தறிய முடியவில்லை. நீர் நிறைந்த குவளையும் ஓர் இறகும் அவர் கையில் ஒன்றுபோலவே இருந்தன. நரம்பு நஞ்சு ஒன்றின் வேலையை இதைவிடத் துல்லியமாகச் சொன்ன மருத்துவக் குறிப்பை நான் படித்ததில்லை. வாந்தி மருந்து கொடுத்தார்கள், வியர்க்க வைத்தார்கள், மூவரும் பிழைத்தார்கள். குடலைத் தின்ற கப்பல் பன்றி ஒன்று காலையில் செத்துக் கிடந்தது.

பொழுது விடிந்ததும் தீவுக்காரர்கள் கப்பலுக்கு வந்தார்கள். தொங்கவிடப்பட்டிருந்த மீனைப் பார்த்ததும் முகம் சுளித்து, இதைத் தின்னவே கூடாது என்று சைகையில் சொன்னார்கள். விற்றபோதும் சரி, வாங்கிய பிறகும் சரி, ஒருவரும் இதைச் சொல்லவில்லையே என்று குக் குறைபட்டுக்கொள்கிறார். நான் அந்தக் கரைக்காரர்கள் பக்கம். இதைக்கூடவா ஒருவருக்குச் சொல்லித்தர வேண்டும் என்று நினைத்திருப்பார்கள்.

ஃபார்ஸ்டரின் விவரிப்பை வைத்துக்கொண்டு 1789-ல் ஜெர்மானிய இயற்கையியலாளர் கிமெலின் அந்த மீனுக்கு முறையான பெயர் வெளியிட்டார். 'ஸ்கெலராட்டஸ்' என்ற லத்தீன் சொல்லுக்குக் கொடியவன், குற்றவாளி என்று பொருள். உயிரினப் பெயர்களில் இப்படி வெளிப்படையாக வழக்கு பதிவு செய்தவை அதிகம் இல்லை. 'லேகோசெஃபலஸ்' என்ற முன்பாதி கிரேக்கம். முயல்தலை என்று பொருள். எகிப்தியரும் இதை 'அர்னப்', அதாவது முயல், என்றே அழைக்கிறார்கள். பல்லைப் பார்த்தவர்களுக்கு வேறு பெயர் தோன்றாது போலும்.

உடலும் இருப்பிடமும்

பேத்தைக் குடும்பத்துக்கு டெட்ராடான்டிடே என்று பெயர். நான்கு பல் என்பதே அதன் பொருள். மேலே இரண்டு, கீழே இரண்டு பல்தட்டுகள் ஒட்டி அலகாகியிருக்கின்றன. நண்டின் ஓட்டையும் சிப்பியையும் நொறுக்குவதற்கு அமைந்த கருவி அது. செதிலுக்குப் பதில் தோலில் நுண்முட்கள். விலா எலும்பு கிடையாது, வயிற்றுத் துடுப்பும் கிடையாது. இரண்டும் இல்லாததால்தான் உப்ப முடிகிறது: அச்சுறுத்தினால் நீரை மடக்மடக்கென்று விழுங்கி இரைப்பையை நிரப்பிக்கொள்ளும். இரைப்பை இந்த வேலைக்கே ஒதுக்கப்பட்டுவிட்டதால் செரிமானம் குடலின் பொறுப்பாகிவிட்டது. நீந்தும்போது வாலை அடிப்பதில்லை. முதுகுத் துடுப்பையும் பின்துடுப்பையும் இருபுறமும் அசைத்தே நிதானமாகப் போகும். அவசரத்துக்குத்தான் வால்.

தன் குடும்பத்தில் இது பெரிய உருவம். 110 செ.மீ. வரை வளரும், 7 கிலோ எடை பதிவாகியிருக்கிறது. பிறப்பிடம் செங்கடல், கிழக்கு ஆப்பிரிக்கா தொடங்கி இந்தியக் கடல்கள் வழியாக ஜப்பான், ஆஸ்திரேலியா, பசிபிக் தீவுகள் வரை விரிந்து கிடக்கிறது. பவளத்திட்டுகளை ஒட்டிய மணல் தரையும் அதற்கு அப்பால் உள்ள ஆழமும் இதன் இடம். குஞ்சுகள் ஆழமற்ற மணல் பரப்பில் கூட்டமாகத் திரிகின்றன. ஆபத்து வந்தால் மணலுக்குள் புதைந்துகொள்ளவும் தெரியும். வளர்ந்தவை கடற்புல் மேடுகளுக்கும் பாறை விளிம்புகளுக்கும் நகர்ந்துவிடுகின்றன. மத்தியதரைக் கடலில் போசிடோனியா என்ற கடற்புல் பரந்து கிடக்கிறது. அதையொட்டிய மணல் திட்டுகள் இதற்கு ஏற்ற வீடாகிவிட்டன.

கிரேக்கத்தின் ரோட்ஸ் தீவில் நடந்த ஆய்வில் ஏறத்தாழ 36 செ.மீ. நீளத்தில் பாதி மீன்கள் இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிடுவது தெரிந்தது. கோடையின் தொடக்கத்தில் முட்டையிடுகின்றன. சிறியவற்றின் உணவு இறாலும் சிறு நண்டும். உடல் பெருக்கப் பெருக்கக் கணவாய், ஊசிக்கணவாய், ஆக்டோபஸ், பிற மீன்கள் என்று தட்டு மாறுகிறது. தன் இனத்துக் குஞ்சையும் விட்டுவைப்பதில்லை. இந்த உணவுப் பட்டியல்தான் பின்னால் மீனவர்களின் வயிற்றில் அடித்தது. விலை போகும் சரக்குகள் அனைத்தும் அதில் இருக்கின்றன.

மதகை அடைக்கும் கட்டை

ஜப்பானிய வேதியியலாளர் தஹாரா யோஷிசுமி பேத்தையின் சினையிலிருந்து பிரித்த நஞ்சுக்கு 1909-ல் டெட்ரோடோடாக்சின் என்று பெயர் வைத்தார். அதன் மூலக்கூறு அமைப்பு தெளிவாக 1964 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு கியோட்டோவில் நடந்த வேதியியல் மாநாட்டில் உட்வர்ட், சுதா, ஹிராதா–கோத்தோ ஆகியோரின் குழுக்கள் தனித்தனியே வந்து ஒரே விடையைச் சொன்னார்கள். கலிஃபோர்னியாவில் மோஷரின் குழு நியூட் என்ற வாலுள்ள நீர்நில உயிரியின் முட்டையிலிருந்து எடுத்த நஞ்சும் அதுவேதான் என்பது அப்போது தெரியவந்தது. மீனுக்கும் தவளையின் உறவுக்காரனுக்கும் ஒரே நஞ்சு என்றால், இதைச் செய்வது இவர்களில் யாருமில்லை என்ற சந்தேகம் இயல்பாக எழும்.

கடல் பேத்தைகளைப் பொறுத்தவரை அந்தச் சந்தேகம் சரிதான். விப்ரியோ போன்ற சில பாக்டீரியாக்கள் இந்த நஞ்சை உண்டாக்குகின்றன. நட்சத்திர மீன், சங்கு, தட்டைப்புழு என்று உணவுச் சங்கிலியில் ஏறி அது பேத்தையிடம் வந்து குவிகிறது. நஞ்சற்ற தீனி போட்டுத் தொட்டியில் வளர்த்த பேத்தைகளில் நஞ்சு சேர்வதில்லை என்று ஜப்பானில் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். ஆகவே பேத்தையின் நஞ்சு பிறவிச் சொத்து அல்ல, சேமிப்பு. சேமித்ததை வீணாக்குவதும் இல்லை: ஜப்பானியப் பேத்தை இனமொன்றில் பெண் மீன் முட்டைக்குள் வைக்கும் நஞ்சின் வாடையை நுகர்ந்தே ஆண் மீன்கள் தேடி வருகின்றன.

நரம்பில் செய்தி ஓடுவது சோடியம் அயனிகள் உள்ளே பாய்வதால். அதற்கென்று நரம்புச் சுவரில் நுண்ணிய மதகுகள் இருக்கின்றன. மின்னழுத்தம் மாறினால் திறக்கும், உடனே மூடும். டெட்ரோடோடாக்சின் மதகின் வெளிவாயில் கட்டை போலச் செருகிக்கொள்கிறது. மதகு திறந்தாலும் நீர் பாயாது. முதலில் உதடும் நாக்கும் மரக்கும், பிறகு விரல் நுனிகள். வாந்தி, தள்ளாட்டம், பேச்சுக் குழறல் என்று ஏறி, கடைசியில் மூச்சுத் தசைகள் நின்றுபோகும். மூளைக்குள் நஞ்சு எளிதில் நுழையாததால் நினைவு பெரும்பாலும் தெளிவாகவே இருக்கும். சுற்றி நிற்பவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டே அசைய முடியாமல் கிடக்க நேரும். ஒருவரைக் கொல்ல 1 முதல் 2 மில்லிகிராம் போதும். மாற்று மருந்து இல்லை. சிறுநீரில் நஞ்சு வெளியேறும் வரை, ஏறத்தாழ ஒரு நாள், செயற்கைச் சுவாசம் கொடுத்துத் தாங்கிப் பிடிப்பதே சிகிச்சை. சமையல் சூட்டில் அது அழிவதும் இல்லை. குழம்பு கொதித்துவிட்டதே என்று ஆறுதல் அடைய இடமில்லை.

மீன் மட்டும் எப்படித் தப்பிக்கிறது? அதன் மதகுகளின் வாயில் ஓர் அமினோ அமிலம் மாறியிருக்கிறது. கட்டை அங்கே பொருந்தாது. அவ்வளவு சிறிய தச்சு வேலை.

வெள்ளிக்கன்னப் பேத்தையில் சினையும் ஈரலும் முன்னணியில் நிற்கின்றன. குடலும் தோலும் பின்தொடர்கின்றன. பருவத்துக்கும் உடலளவுக்கும் ஏற்ப அளவு மாறும். கிரேக்கக் கடலில் பிடித்துச் சோதித்தவற்றில் சிறியவற்றைவிடப் பெரியவற்றில் நஞ்சு மிகுதி. இதைவிட முக்கியமானது, இந்த இனத்தில் தசையும் நம்பத்தகாதது. ஜப்பானில் உரிமம் பெற்ற சமையற்காரர்கள் சில பேத்தை இனங்களின் நச்சு உறுப்புகளை நீக்கித் தசையைப் பரிமாறுகிறார்கள். தசையிலேயே நஞ்சு இருக்கும் இனத்தில் எந்தக் கத்தியும் பயன்படாது. அறிவு நிறைந்த அந்த நாட்டிலும் 1975-ல் கபூகி நாடக நடிகர் எட்டாம் பந்தோ மிட்சுகோரோ கியோட்டோ உணவகம் ஒன்றில் ஈரலை வற்புறுத்திக் கேட்டு வாங்கித் தின்று இறந்தார்.

வழி திறந்த கதை

சூயஸ் கால்வாய் 1869 நவம்பரில் திறக்கப்பட்டது. உடனே மீன்கள் வரிசையாக வந்துவிடவில்லை. இரண்டு பூட்டுகள் இருந்தன. ஒன்று, கால்வாயின் நடுவே உள்ள கசப்பு ஏரிகள். பழைய உப்புப் படுகை கரைந்துகொண்டே இருந்ததால் அங்கே நீர் கடும் கரிப்பு. பல உயிரினங்களுக்குத் தாண்ட முடியாத எல்லை. பத்தாண்டுகள் பல கடந்து உப்பு கரைந்து தீர்ந்தது. இரண்டாவது, நைல் நதியின் வெள்ளம். கோடை இறுதியில் கிழக்கு மத்தியதரைக் கடலின் ஓரத்தில் அது நன்னீர்த் திரை விரிக்கும். அஸ்வான் பேரணை வந்தபின் அந்தத் திரையும் போயிற்று. ஆண்டின் பெரும்பகுதி செங்கடலின் மட்டம் சற்று உயர்ந்திருப்பதால் நீரோட்டமும் வடக்கு நோக்கியே. இப்படி வரும் இனங்களைக் கால்வாயை வெட்டிய லெசெப்ஸின் பெயரால் லெசெப்சியன் குடியேறிகள் என்கிறார்கள். 2015-ல் கால்வாயை விரிவுபடுத்தியபோது கடலியலாளர்கள் எச்சரித்தார்கள். கப்பல் வணிகத்தின் கணக்கில் மீனுக்குப் பத்தி கிடையாது.

வெதுவெதுப்பான, உப்பு மிகுந்த கிழக்குப் பகுதி புதுவரவுக்குப் பிறந்த வீடு போலவே இருந்தது. கடல் மேலும் சூடாகிக்கொண்டிருப்பது மேற்கே போகும் பாதையையும் தளர்த்தியது. வளர்ந்த பேத்தையைத் துரத்தித் தின்ன அங்கே பழகிய எதிரியும் அதிகம் இல்லை.

கரையில் நடந்தது

இஸ்ரேலில் 2005 முதல் 2008 வரை இந்த மீனைத் தின்று நஞ்சேறிய 13 பேரைப் பற்றி மருத்துவர்கள் எழுதினார்கள். நல்லூழாக அனைவரும் பிழைத்தார்கள். கிழக்கு மத்தியதரைக் கடலின் பிற நாடுகளிலும் நஞ்சேற்றங்கள் நடந்தன. சில சாவில் முடிந்தன. தடை இல்லாமல் இல்லை. இந்தக் குடும்பத்து மீன்களை விற்கக்கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் 2004-லேயே சொல்லிவிட்டது. சட்டம் கடையைத்தான் கட்டுப்படுத்தும். தானே பிடித்துத் தானே ஆக்கித் தின்பவரின் அடுப்பங்கரையில் அதற்கு வேலை இல்லை. இறைச்சி வெள்ளையாக, முள் குறைவாக இருக்கிறது. தூண்டிலில் எளிதாகச் சிக்குகிறது. தெரியாதவருக்கு அது பரிசு.

ஆனால் மீனவர்களிடம் கேட்டால் முதலில் அவர்கள் புலம்புவது நஞ்சைப் பற்றியே அல்ல, பல்லைப் பற்றி. ஆயிரங்கால் தூண்டிலில் சிக்கிய மீனைப் பாதி தின்றுவிட்டு, தூண்டில் கயிற்றையும் அறுத்து, முள்ளோடு போய்விடுகிறது. செவுள் வலையில் ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை. சிறு படகுக்காரருக்கு ஒரு வலையின் விலை பல நாள் உழைப்பு. விற்க முடியாத மீன் விற்கக்கூடிய மீனைத் தின்று வலையையும் கிழித்தால் கடலுக்குப் போவதற்கே கணக்கு உதைக்கிறது. துருக்கியில் குளிக்கப் போனவர்களின் விரலைக் கடித்துத் துண்டித்த நிகழ்வுகளும் ஆய்விதழ்களில் வந்துள்ளன. கடியில் நஞ்சு இல்லை, வெறும் பல்.

அரசுகள் கையில் எடுத்தது பழைய உத்தி: தலைக்கு விலை. சைப்ரஸ் அரசு பிடித்துக் கொண்டுவரும் பேத்தைக்குக் கிலோவுக்கு 3 யூரோ கொடுத்து வாங்கி எரிக்கத் தொடங்கியது. துருக்கி 2020 டிசம்பரில் வால் ஒன்றுக்கு 5 லிரா அறிவித்தது. வாலை எண்ணுவது நிர்வாகத்துக்கு வசதி. இதனால் எண்ணிக்கை குறையுமா என்பதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. சில ஆண்டுகளில் முதிர்ச்சி அடைந்து கோடைதோறும் முட்டையிடும் இனத்தை, கால்வாய் திறந்தே கிடக்கும்போது, பிடித்து ஒழிக்க முடியாது. ஆனால் கிழிந்த வலைக்கு ஏதோ ஈடு கிடைக்கிறது, கரைக்கு வரும் மீன் அடுப்புக்குப் போகாமல் எரியூட்டிக்குப் போகிறது என்ற அளவில் அந்தப் பணம் வீணில்லை.

விளம்பர அட்டைகள் அதைவிட நன்றாக வேலை செய்தன என்றே நினைக்கிறேன். துறைமுகங்களில் மீனின் படத்தை ஒட்டி, வெள்ளிப் பட்டையையும் புள்ளிகளையும் பல்லையும் காட்டி, தின்னாதே என்று எழுதினார்கள். பலாட் துறையில் சைகையில் சொன்னதைத்தான் இவர்கள் அச்சடித்தார்கள்.

அந்த அட்டைக்கும் ஓர் எல்லை உண்டு. பட்டை, புள்ளி, பல் எல்லாம் முழு மீனில்தான் இருக்கும். தலையை வெட்டி, தோலை உரித்து, வெள்ளைத் துண்டாக்கி உறைய வைத்தபின் எந்தக் கரைக்காரராலும் அடையாளம் காண முடியாது. வங்கதேசத்தில் 2008 ஏப்ரலுக்கும் ஜூனுக்கும் இடையே மூன்று முறை பேத்தை நஞ்சேறி 141 பேர் மருத்துவமனைக்கு வந்தார்கள். 17 பேர் இறந்தார்கள். அங்கே கண்ணெதிரே மீன் இருந்தது, தெரிந்த கண்தான் இல்லை. கடலே இல்லாத சிகாகோவில் 2007-ல் நடந்ததோ வேறு. மாங்க் மீன் என்ற உண்ணத்தக்க மீனின் பெயரில் சீனாவிலிருந்து இறக்குமதியான உறைமீனை வாங்கி வீட்டில் சூப் வைத்துக் குடித்தவர்களுக்கு உதடு மரத்தது. சமைக்காமல் மிஞ்சியிருந்த துண்டை ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். மரபணுச் சோதனை அதைப் பேத்தை என்றது. இறக்குமதி செய்த நிறுவனம் 282 பெட்டிகளைத் திரும்பப் பெற்றது.